மணிக்கூண்டுக் கல்வெட்டில் பெயர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் லாங்கு பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களும் ஆட்டோக்களும் முட்டி மோதும் இடத்தில்தான் மணிக்கூண்டு நிற்கிறது. மணி பார்க்க அண்ணாந்து பார்க்கிறவர்கள்கூட அதிலுள்ள கல்வெட்டைப் படிப்பதில்லை. இந்த ஊரிலிருந்து 1914-18 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது, அவ்வளவுதான், ஒருவர் பெயர்கூட இல்லை.

1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சிக்கு மக்கான் அருகே நினைவுத்தூண் இருக்கிறது, வருடம் தவறாமல் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும். சரி, இந்த 14 பேர்? வெள்ளைக்காரனுக்காகப் போனவர்கள்தானே என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எதற்காகப் போயிருந்தாலும் அவர்கள் நம் தெருக்காரர்கள், அவர்களுக்காகக் காத்திருந்த வீடுகளும் இங்கேதான் இருந்தன.

உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் முதலானோரின் விவரங்களைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன, பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. நம் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் தேடிப் பார்க்கட்டும். கிடைக்கிற பெயர்களைத் தமிழில் பொறித்து அதே மணிக்கூண்டில் மாநகராட்சி பதிக்க வேண்டும். அப்புறம், அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று ஒரு மாலையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வேலூர்