செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். கணக்க பொருளாளர் வாசிப்பாரு. பொங்கல், டியூஷன், லைப்ரரி எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, பொங்கலுக்கு மட்டும் கூட்டம் கம்மி, ஐடி பசங்க பாதிப்பேர் ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க.

பெரிய பேச்சு, ஹாலுக்கு இந்த வருஷம் நாம வாங்கின உண்ணிச்செடி குச்சி நாற்காலிதான். இந்தக் காசுல ரெண்டு மடங்கு பிளாஸ்டிக் சேர் வந்திருக்குமேன்னு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டாங்க, வந்திருக்கும்தான். ஆனா 2024 பிப்ரவரில பெங்களூரு லால்பாக் தோட்டத்துல குச்சியால செஞ்ச யானைங்கள பசங்களோட போய் பாத்தோமே, அந்தக் குச்சியும் இதே உண்ணிச்செடி (லாண்டானா) தான். வெள்ளைக்காரன் அழகுக்குன்னு தோட்டத்துல கொண்டாந்து வச்சது, இன்னிக்கு பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலைன்னு காட்டுக்குள்ள புதரா மண்டிக் கிடக்கு, அதுக்கடியில புல்லு முளைக்காது, மான், காட்டெருமைக்கு மேய்ச்சல் இல்ல, கோடைல தீப்பிடிச்சா அதுவே விறகு. முன்னாடி அந்தக் காட்டுல வாழ்ற சோளகர் பழங்குடிங்க வருஷா வருஷம் சருகுக்கு சின்னதா தீ வச்சு காட்ட ஒழுங்கா வச்சிருந்தாங்க, சட்டம் வந்து அத நிறுத்திடுச்சு, அப்புறந்தான் இது இன்னும் மண்டுச்சுன்னு அவங்க சொல்றாங்க, எனக்கும் நியாயமாத்தான் படுது.

அதான் இந்த நாற்காலி செய்யறத பாக்க கமிட்டி ஆளுங்க கனகபுரா, கொள்ளேகால் வழியா மாதேஸ்வரன் மலைக்குப் போனோம் (சாமி தரிசனமும் ஆச்சு, மறைக்கல). குச்சிய டிரம்ல வேகவச்சு, தோலை உரிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள வளைச்சு ஆணி அடிக்கிறாங்க, ஆறிட்டா ஒடிஞ்சிடும், கரையான் அவ்வளவா அரிக்காது. மூங்கில் வெட்ட முடியாமப் போன கூடை முடையுற ஆளுங்களுக்கு இது ஒரு கை வேலை. தேன், நெல்லிக்காய், கல்பாசியெல்லாம் சீசனுக்கு மட்டுந்தான், இது அப்படியில்ல. ஆனா நாற்காலிக்கு வெட்டுறதால மட்டும் காடு சுத்தமாகாது, வேரோட எடுக்கணும், எடுத்த இடத்துல புல்லு வரவும் பாத்துக்கணும்.

காட்ட விட்டு ஜனங்கள அனுப்பினாத்தான் புலி பிழைக்கும்னு நம்ம கூட்டத்துலயே ஒருத்தர் பேசினாரு. 2006 வன உரிமைச் சட்டப்படி 2011ல பிலிகிரிரங்கன் மலை சோளகருக்கு சமூக வன உரிமை, அதாவது காட்டுப் பொருள எடுக்கவும் காட்டப் பாத்துக்கவும் ஊருக்கே பொதுவான உரிமை, கிடைச்சுது, புலிகள் காப்பகத்துக்குள்ள நாட்டுலயே அதான் முதல். அங்க புலி இன்னும் இருக்கு சார்.

இந்த வருஷம் மரம் நடும் விழா வேணாம்னு முடிவு பண்ணி அந்தப் பணத்த இந்த நாற்காலில போட்டோம். நட்டதுல பாதிக்கு யாரும் தண்ணியே ஊத்தல, அது உங்களுக்கே தெரியும்.

சந்தா பாக்கி இருக்கறவங்க இன்னிக்கே கட்டிடுங்க. ஹால் சாவி வாங்குறவங்க நாற்காலிய மழைல போடாம உள்ள எடுத்து வச்சு பூட்டுங்க.