வாளின் பிடிக்குள் மறைந்திருப்பது

ஆசிரியர் அவர்கட்கு,

இரண்டாம் உலகப் போர்க்கால யப்பானிய வாள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் வாள் என்ற சொல் வாள்வெட்டுச் செய்திகளிலேயே அடிபடும் இக்காலத்தில், அதைச் செய்த கைகளைப் பற்றி எழுத இடம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், யப்பானிய அதிகாரிகள் அனைவரும் ஏந்தியவை ஆயிரம் முறை மடித்து அடிக்கப்பட்ட சாமுராய் வாள்களே என்ற கட்டுரையாளரின் கூற்றை அப்படியே ஏற்க முடியவில்லை.

கட்டுரையோடு வெளியான படமே அதற்கு எதிர்ச்சாட்சி. 'அதிகாரியின் வாள்' எனக் குறிப்பிடப்பட்ட அதன் பிடியில் இருப்பது சுற்றிக் கட்டிய நாடா அல்ல. நாடா சுற்றியது போல அச்சில் வார்த்து, வர்ணம் பூசிய உலோகம். 1935 இல் அறிமுகமான 95 ஆம் வகை வாள் அது. சார்ஜன்ட் போன்ற நிலைகளில் இருந்தோருக்கு இராணுவமே வழங்கியது; தொழிற்சாலையில் செய்து, அலகில் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டது. அதிகாரிகளோ தம் வாளைத் தம் பணத்தில் வாங்க வேண்டியவர்கள். ஆகவே ஒவ்வொருவரின் வசதிக்கும் குடும்பப் பின்னணிக்கும் ஏற்ப, ஒரே மாதிரியான உறைக்குள் முற்றிலும் வேறுபட்ட அலகுகள் இருந்தன.

மரபுவழி அலகின் கதை இரும்பு மணலில் தொடங்குகிறது. யப்பானின் ஷிமானே பகுதியில், 'ததரா' எனப்படும் களிமண் உலையில் இம்மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி, மூன்று இரவும் மூன்று பகலும் ஊதுவார்கள். சுமார் 10 தொன் மணலிலிருந்து ஏறத்தாழ இரண்டரைத் தொன் கட்டி கிடைக்கும். அதை எடுக்க உலையையே உடைக்க வேண்டும். அக்கட்டியில் ஒரு பகுதி மட்டுமே 'தமஹகானே' என்ற வாளுருக்காகத் தேறும். கொல்லர் அதைப் பத்துப் பதினைந்து முறை மடித்து அடிப்பார். ஆயிரம் முறை அல்ல. 15 முறை மடித்தாலே 32,000 இற்கு மேற்பட்ட அடுக்குகள் வந்துவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பின்னர் வரும் தோய்ச்சல். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கத்தில் மெல்லிதாகவும் பூசி, நெருப்பின் நிறம் தெளிவாகத் தெரிவதற்காகப் பட்டறையை இருட்டாக்கி, சரியான சிவப்பு வந்த கணத்தில் தண்ணீரில் இறக்குகிறார்கள். கண்ணால் நிறம் பார்த்துத் தோய்க்கும் வித்தை எங்கள் ஊர்க் கத்தித் தொழிலாளருக்கும் தெரிந்ததே. மண் மெல்லிதாய் இருந்த வாய் விரைவில் குளிர்ந்து கடினமாகிறது. முதுகு சற்று மென்மையாகவே நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை போன்ற வெண்கோடு தோன்றுகிறது. வாளின் வளைவும் பெருமளவில் அந்தத் தண்ணீருக்குள்தான் பிறக்கிறது.

1876 இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டபோது இத்தொழில் பெரிதும் நலிந்தது. இராணுவ அதிகாரிகள்கூட ஐரோப்பியப் பாணிப் பிடி பொருத்திய வாள்களையே அணிந்தனர். 1934 இல் பழைய தொங்குவாளின் வடிவம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் அமைந்த பட்டறை, 1945 வரை 8,000 இற்கு மேற்பட்ட வாள்களை மரபு முறையில் அடித்தது. பெருகிவந்த படைக்கு அது எம்மாத்திரம்? மிகுதித் தேவையை செக்கி முதலிய ஊர்களின் பட்டறைகள், ஆலை உருக்கை அடித்து எண்ணெயில் தோய்த்து நிறைவு செய்தன. இத்தகைய அலகுகள் பலவற்றின் காம்பில், அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியில், சிறிய முத்திரை காணப்படும். இராணுவம் அங்கீகரித்த மரபுக் கொல்லரின் வாளாயின் அங்கே நட்சத்திர முத்திரை இருக்கும். தாத்தாவின் பழைய அலகையே எடுத்து இராணுவப் பிடியும் உறையும் பொருத்திக்கொண்ட அதிகாரிகளும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மலேசியாவில், சிரம்பானிலுள்ள உறவினர் வீட்டில், அப்படியொரு வாளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மலாயாப் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம், யப்பானியர் சரணடைந்த பின்னர் எப்படியோ கைமாறி வந்தது அது. அந்த வாள்களின் நிழலில் மூன்றரை வருடம் வாழ்ந்த அவர், அதை ஒருபோதும் சுவரில் மாட்டியதில்லை. அலுமாரிக்கு மேலே சாக்கில் சுற்றியே வைத்திருந்தாராம். பிடியைத் தாங்கும் மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்ததும் பிடி கழன்று வந்தது. காம்பில் ஆப்புக்கான துளைகள் இரண்டு இருந்தன. பழைய அலகொன்று வேறு பிடிக்கு மாற்றப்பட்டதற்கான அடையாளம் பெரும்பாலும் அதுவே. ஆனால் காம்பு புதுக் கரண்டி போலப் பளபளத்தது. "கறள் பிடிச்சுக் கிடந்தது, சான்ட் பேப்பராலை வடிவாய்த் தேய்ச்சு விட்டனான்" என்றார் மச்சான், பெருமையுடன்.

கொல்லர் தம் பெயரை வெட்டுவது காம்பில்தான். அந்தக் கறளின் நிறத்தையும் தடிப்பையும் பார்த்தே அறிந்தவர்கள் வயதை மதிப்பிடுகிறார்கள். அதனால் யப்பானில் காம்பை எவரும் துலக்குவதில்லை. மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். ஏதாவது வீட்டில் இத்தகைய அலகு இருந்தால், சட்டப்படி உரியவர்களுக்கு அறிவிப்பதோடு, காம்பில் கை வைக்காமல் விடுமாறும் தங்கள் பத்திரிகை ஒரு வரி எழுதினால் நல்லது. படத்தின் குறிப்பையும் திருத்திவிடலாம்.

சிரம்பான் வாளின் காம்பை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். மேல் துளைக்குக் கீழே உளி பதிந்த இரண்டு கீறல்கள் மட்டும் தெரிந்தன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மானிப்பாய்.