கல்யாணம் இல்லாத நாட்களில் நாடகம் நடக்கட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடி ரூபாய்க்கு வேலைகள் நடக்கும் என்றார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், சாலை எல்லாம் எங்களுக்கு வேண்டியதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலின் ஓரத்தில் இன்னொரு வரிக்கும் இடம் கேட்கிறேன்: வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன நாடக அரங்கம்.

இப்போது நாங்கள் ஒரு நாடகம் பார்க்க வேண்டுமென்றால் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எழும்பூர் மியூசியம் தியேட்டர். முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர நள்ளிரவாகிவிடும். ஆனால் நாடகம் இந்தப் பக்கத்துச் சரக்கு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது ஜார்ஜ் டவுனில். வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையின் பெயரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி விடிய விடிய கர்ணமோட்சம் கூத்து வைக்கும் வழக்கமும் நம் தொண்டை மண்டலத்துடையதுதானே.

புதிதாகக் கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை. மாநகராட்சியின் சமூக நலக்கூடங்கள் இருக்கின்றன. முகூர்த்த நாளில் அங்கே நிற்க இடம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை பெண் நாற்காலி இரண்டும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மேடையில் சும்மா நிற்கும், கேட்டுக்குப் பூட்டு. அப்படி ஒரு கூடத்தை, கல்யாணம் இல்லாத நாட்களில் மட்டும் நாடகத்துக்கு விட்டால் போதும்.

செலவும் மலைப்பானதல்ல. வெறும் சுவரும் கிரானைட் தரையுமாக இருப்பதால் பேசிய வசனம் அப்படியே எதிரொலிக்கும். கனமான கறுப்புத் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டு, தரைக்குப் பாய் விரித்தால் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி மின்விசிறி. அது கடகடவென்று சுற்றினால் மூன்றாவது வரிசைக்கே குரல் போகாது. விளக்குகளுக்குத் த்ரீ ஃபேஸ் இணைப்பு, நகர்த்தி வைக்கும்படியான மேடைப் பலகைகள், அப்புறம் பெண்கள் உடை மாற்ற உள்தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. இந்தக் கடைசி விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் நாடகத்தை விட்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

"வீட்டுக்கே ஒழுங்காத் தண்ணி வரல, நாடகம் ஒண்ணுதான் கொறச்சலா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீர் வந்தாலும் எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன இடத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குவது நிற்காது. சினிமாக்காரர்கள் எங்கள் தெருவுக்கு கேமராவோடு வந்தால் கூடவே அரிவாளும் வருகிறது. அகமதாபாத்தில் சாராநகர் என்றொரு பகுதி. பிரிட்டிஷ் அரசு குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய சாரா மக்கள் வாழும் இடம். மேற்கு வங்கத்தில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் 1998இல் காவலில் இறந்ததை அந்தப் பகுதி இளைஞர்கள் நாடகமாகப் போட்டார்கள். புதன் தியேட்டர் என்ற குழு அப்படித்தான் பிறந்தது. ஒரு சின்ன நூலகத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நாடகம் போட்டு வருகிறார்கள். தங்களைப் பற்றி ஊர் சொன்ன கதைக்குத் தங்கள் வாயாலேயே பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு மேடை கிடைத்தது.

எங்களிடமும் கதைக்கா பஞ்சம்? பின்னி மில்லில் 1921இல் நடந்த வேலைநிறுத்தம் இருக்கிறது. 1996இல் அந்த மில் மூடியபோது வேலை போன குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறி அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டவர்கள் இருக்கிறார்கள். கேரம், குத்துச்சண்டை, கால்பந்துக்கு மூலைக்கு மூலை ஆள் இருக்கிறது. அட, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்கள் பேசிக்கொண்டதை எழுதினாலே ஒரு முழு நீள நகைச்சுவை நாடகம் தேறும். சனி, ஞாயிறு மாலையில் நூறு பேர் ஓரிடத்தில் கூடினால் வாசலில் டீக்கடையும் சுண்டல் வண்டியும் தானாக வரும். விளக்கு எரிகிற தெருவில் பெண்கள் ஒன்பது மணிக்கும் பயமில்லாமல் நடப்பார்கள்.

ஆறு மாதம் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். ஆடியில் தொடங்கினால் கல்யாணக் கூட்டத்தோடு இடிக்காது. டிக்கெட் 30 ரூபாய்க்கு மேல் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். ஒன்றை மட்டும் முதலிலேயே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும்: கூடத்துச் சாவி யார் கையில்? கட்சிக்காரர் கையில் போனால் பிறந்தநாள் விழாவுக்குத்தான் கதவு திறக்கும். வார்டு அலுவலர் ஒருவர், அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், நாடகக் குழுக்களின் சார்பில் இரண்டு பேர் என்று ஒரு சிறு குழு அமைத்து, மாத அட்டவணையை வாசலில் ஒட்டிவிடட்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை வாசகர்,
சென்னை