வீசைத் தராசும் வார்ப்பிரும்புச் சட்டியும்

ரங்கூன்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மோல்மீனில் மழை விடாமல் ஊற்றுகிறது, துணி காயவில்லை என்கிறாய். இங்கும் அதே பாடுதான். முட்டிக்கு நீ சொன்ன எண்ணெயைத் தடவுகிறேன். வலி போகவில்லை, வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது.

ரொட்டி சுடும் கிறுக்கு விட்டதா என்று கேட்டிருந்தாய். எங்கே விட்டது! கடை ரொட்டி எல்லாம் பஞ்சும் சீனியுமாக இருக்கிறதடி. மீன் குழம்புக்குத் தொட்டுத் தின்ன முடியுமா?

முதலில் பழைய மின் ஓவன் ஒன்று வாங்கி ஏமாந்தேன். கடைக்காரர் செருகிக் காட்டினார், விளக்கு எரிந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் சுட்டால் மேலே கரி, உள்ளே களி. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டுமாம். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் சூடும் அந்த வழியே போய்விடும். வாங்கி வந்த பிறகு பேரன் சொல்கிறான். அது நல்ல ஓவனாக இருந்தாலும் என்ன, கரண்ட் இருந்தால்தானே! மாவு பிசையும் மெஷினும் ஒன்று மலிவாக வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். பிசைந்து இரவு முழுக்க விட்டால் மாவு தானே இழுவை பிடித்துக்கொள்கிறது.

பிறகுதான் காளி கோயில் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அந்தச் சட்டி கண்ணில் பட்டது. கனத்த வார்ப்பிரும்பு, தட்டு மாதிரி விளிம்பு வைத்த மூடி, உடம்பெல்லாம் துரு. மண்பானை வாங்குகிற மாதிரி விரலை மடக்கித் தட்டினேன். கணீரென்றது. விரிசல் இருந்தால் அந்த ஓசை வராது. புளியும் தேங்காய்நாருமாகத் தேய்த்து, வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிச் சூடேற்றினேன். நம் தோசைக்கல்லைப் பழக்குவதுபோலத்தான். மூடியின் பிளாஸ்டிக் குமிழை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு ஒரு போல்ட் மாட்டினேன்.

அங்கேயே ஒரு தராசும் கிடைத்தது, பர்மிய எடையான வீசைப் படிக்கற்களோடு. பேரன் அனுப்பும் ரொட்டி அளவுக் கணக்கோ கிராமில். ஒரு வீசை நூறு டிக்கல், ஒரு டிக்கல் 16 கிராமுக்குச் சற்று மேல். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் 30 டிக்கல் மாவுக்கு 20 டிக்கல் தண்ணீர்! இவ்வளவு சுளுவா என்று சிரிப்பு வந்தது. வீசை நம் தமிழ்ச் சொல்தானே, நம்மைக் கைவிடுமா? உப்பும் ஈஸ்டும் இந்தத் தராசில் நிற்காது. உப்பு ஒன்றே முக்கால் டீஸ்பூன், ஈஸ்ட் கால் டீஸ்பூன்.

சுடுவது கரியில். சனுவின்மகின் என்கிற பர்மிய ரவை கேக் சுடுகிறவர்கள் மேலும் கீழும் தணல் போடுவார்களே, அதே முறைதான். சட்டியை நன்றாகக் காயவைத்து மாவை இறக்கி மூடிவிடுவேன். கீழே கொஞ்சம், மூடிமேல் நிறைய. கீழே கூடினால் அடி தீய்ந்துவிடும். மாவிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே நிற்பதால் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் ரொட்டி நன்றாக எழும்புகிறது. முக்கால் மணி நேரம். நேற்று வெளியே எடுத்து வைத்ததும் தோல் சடசடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நீ இல்லையே என்று இருந்தது.

உன் அம்மா வீட்டுப் பரணில் கறுப்பாக ஒரு மூடிச் சட்டி கிடக்குமே, நாம் அதன்மேல் ஏறி மாங்காய் ஊறுகாய் திருடுவோமே, அது இன்னும் இருக்கிறதா? இறக்கித் தட்டிப் பார். கணீரென்றால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே, பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. கூலி நான் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜம்