மூன்றாவது குட்டி

அன்புள்ள செல்வம்,

ஊருக்கு வந்து ஆடு வளர்க்கப் போவதாக நீ எழுதிய கடிதம் வந்த மறுநாள் ராத்திரிதான் என் ஆடு கருப்பி ஈன்றாள். பதில் போடப் பத்து நாள் ஆனது அதனால்தான், கோபப்படாதே மக்கா.

திருவட்டாறுப் பக்கத்து ஐப்பசி மழை உனக்குத் தெரியாததா? விடியக்காலம் மூன்று மணி, கரண்டும் இல்லை. தலைச்சேரி இன ஆடாச்சே, இரண்டு குட்டி இருக்கும் என்று நினைத்தேன். மூன்று போட்டாள். முதல் இரண்டையும் அவளே நக்கித் துடைத்துவிட்டாள். மூன்றாவது ஒரு கிலோ இருந்தால் அதிகம். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காம்பு இரண்டுதானே, அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

போன வருஷம் இப்படி விறைத்துக் கிடந்த ஒரு குட்டியை நானே கொன்றேன். வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. பதறிப்போய்ப் பாலைச் சூடாக்கி, மல்லாக்கப் பிடித்துப் புகட்டினேன். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குத்தான் போகும். விடிவதற்குள் முடிந்துவிட்டது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்று கால்நடை டாக்டர் பிறகு சொன்னார்.

இந்தத் தடவை விரலை விட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மூக்குச் சளியை வழித்து, பழைய வேட்டியால் நன்றாகத் தேய்த்தேன். அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து, அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்தேன். "நம்ம பிள்ளைகளுக்குக்கூட நீங்க இப்படி முழிச்சதில்ல" என்றாள் வீட்டுக்காரி. உண்மைதான். முக்கால் மணி நேரத்தில் விரலைச் சப்பத் தொடங்கியது. உடனே சீம்பால் கறந்து, நிற்கவைத்தே ஐம்பது மில்லி கொடுத்தேன். தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளே குட்டிக்குச் சேராதாம், சீம்பால் வழியாகத்தான் சேரும். ஒரு நாள் தாண்டினால் குடல் அதை ஏற்காது. தொப்புள்கொடிக்கு டிங்சர் அயோடின் வைத்ததோடு சரி.

நீ இருபது ஆட்டோடு தொடங்குவேன் என்கிறாய். நாலு போதும்டே. கிடாவை ஆடி, ஆவணியில் சேர்த்தால் ஐந்து மாதம் கழித்து மார்கழி, தையில் குட்டி வரும், மழையும் விட்டிருக்கும். நமக்கு வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, மறந்துவிடாதே. பிலா இலை உன் விளையில் தாராளம். மரச்சீனி (மரவள்ளி) பக்கம் மட்டும் அவிழ்த்து விடாதே, பச்சை இலை விஷம்.

குட்டி இப்போது பெட்டியைத் தாண்டிக் குதிக்கிறது. வரும்போது கோயம்புத்தூரில் பால்புட்டி ரப்பர் இரண்டு வாங்கி வா. இங்கே வாங்கியதில் ஓட்டை பெரிசு, குட்டிக்குப் புரையேறுகிறது.

உன்,
மணி