படிப்பகத்துப் பழைய கம்ப்யூட்டர்களின் சூட்டைத் தணித்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ராயபுரம் படிப்பகத்தில் மாணவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இன்டெல் கோர் ஐ3 2100, ஐ5 2400 ரகம். 2011-இல் சந்தைக்கு வந்த ப்ராசஸர் சிப்புகள். பாடம் படிக்க, டைப் செய்ய, வீடியோ பார்க்க இன்றைக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அக்னி நட்சத்திரம் வந்தால் மதியத்தில் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். இந்தக் கோடையில் அப்படி ஒன்றுகூட அணையவில்லை. அதற்குக் காரணமான உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லவே இந்த மடல். நீங்கள் செய்ததை அளவுகளோடு எழுதுகிறோம். இதே ரக மெஷினை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி, தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அய்யாவுக்கு. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் தெர்மாமீட்டரை எடுக்கச் சொன்னவர் அவர். அறையின் வெப்பம், ப்ராசஸர் ஃபேன் இழுக்கும் காற்றின் வெப்பம், இருபது நிமிடம் முழு வேலை கொடுத்தபின் ப்ராசஸரின் வெப்பம் என மூன்றையும் குறிக்க வேண்டும். அறை வெப்பத்தைக் குறிக்காமல் மற்ற இரண்டை மட்டும் எழுதினால் ஜனவரிக் கணக்கையும் மே மாதக் கணக்கையும் ஒப்பிடவே முடியாது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் ஃபேனுக்குப் போகும் காற்று 38-ஐத் தாண்டக் கூடாது என்பது பழைய கேபினட்டுகளுக்கு (சிபியு பெட்டிகளுக்கு) இன்டெல் வைத்த ஓர் அளவு. இங்கே அறை 36, உள்ளே 47. சூடேறினால் ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். மாணவர்கள் "ஸ்லோ ஆயிடுச்சு அண்ணா" என்று சொன்னதில் பாதி இந்தச் சூடுதான்.

இந்த 11 டிகிரியில் பெரும்பங்கு கம்ப்யூட்டர் டேபிளுடையது என்று கண்டுபிடித்தவர் தச்சு வேலை செய்யும் அண்ணன். சிபியு வைக்கும் அறைக்குப் பின்னால் பலகை, முன்னால் கதவு என்று இருந்தால் மெஷின் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். பின்பலகையை முழுதாகக் கழற்றி, டேபிளைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்தார். செலவே இல்லாத வேலை. யாராக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

ரிச்சி தெருக் கடைக்காரருக்கு நன்றி, விற்காமல் விட்ட பொருளுக்காக. ப்ராசஸரின் மேல் உட்காரும் கூலரில் பெரியதாக ஒன்று கேட்டபோது, முந்தைய தலைமுறை 775 சாக்கெட்டுக்கான கூலரின் கால்கள் 72 மி.மீ. இடைவெளி, 1155 சாக்கெட் உள்ள இந்த போர்டில் துளைகள் 75 மி.மீ. என்று அளந்து காட்டி, இருக்கும் கூலரே போதும், ப்ராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மட்டும் மாற்றுங்கள் என்றார். அவர் சொன்னபடி பழைய பேஸ்ட்டை ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு மட்டும் வைத்தோம். விரலால் தடவிப் பரப்பினால் காற்றுக் குமிழி சிக்கும், கூலரின் அழுத்தமே பரப்பட்டும் என்பது அவர் சொல். மாட்டும்போது நான்கு கால்களையும் மூலைக்கு மூலை எதிராக அழுத்த வேண்டும். போர்டின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு வெள்ளைக் காலும் இரண்டாகப் பிளந்து, நடுவே கறுப்பு ஊசி எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காலில் ஊசி தெரியாவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். எந்த பேஸ்ட்டும் அதைச் சரிக்கட்டாது.

வெளிக்காற்றை நேராக உள்ளே தள்ளும் ஃபேன் மாட்ட, கேபினட்டுகளின் இரும்புப் பக்கப் பலகைகளில் புதுப்பேட்டை தகரப் பட்டறைக்காரர் துளை வெட்டித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்க்ரூ துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் வரும், நடு வட்டம் 114 மி.மீ. பலகையைக் கேபினட்டிலிருந்து கழற்றி எடுத்துப் போய்த்தான் வெட்ட வேண்டும். இரும்புத்தூள் ஒரு துணுக்கு மதர்போர்டில் விழுந்தாலும் ஷார்ட். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியாது. வெட்டிய விளிம்பை அரம் போட்டு வழித்து, பெயின்ட் அடித்துவிட்டார். கடலோரத்தில் வெறும் இரும்பு விளிம்பு ஒரு மழைக்காலம் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபேனை வெறுமனே பலகையில் மாட்டினால் பாதிப் பலன்தான். வெளிக்காற்று உள்ளே இருக்கும் சூட்டோடு கலந்த பிறகே ப்ராசஸருக்குப் போகும். இடையில் ஒரு குழாய் வேண்டும். அதற்கு 5 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் அட்டை) துண்டுகளை பேனர் கடைத் தம்பி கொடுத்தார். பலகைப் பக்கம் 120 மி.மீ. சதுரம், ப்ராசஸர் பக்கம் 95 மி.மீ. சதுரமாகக் குறுகும் பெட்டி. அதன் வாய்க்கும் ப்ராசஸர் ஃபேனுக்கும் நடுவே 15 மி.மீ. விட வேண்டும். இடித்தால் பலகை மூடாது, மூடினாலும் அதிர்ந்து சத்தம் போடும். 40 மி.மீ. விட்டால் பக்கத்துச் சூட்டுக்காற்று நுழைந்துவிடும், குழாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். மூலைகளைப் பசை போட்டு ஒட்டினோம். ஸ்டேப்ளர் பின் மட்டும் கூடவே கூடாது, ஒன்று கழன்று விழுந்தால் போர்டு போய்விடும். சன்போர்டு சூட்டில் இளகும் பொருள் என்பதால் கிராபிக்ஸ் கார்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். பின்பக்கம் 80 மி.மீ. ஃபேன் ஒன்று, அதோடு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபேனும் வெளியேதான் தள்ளும். உள்ளே தள்ளும் காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கேபினட்டின் இடுக்குகள் வழியே காற்று வெளியேறும், வெளிக்காற்று பக்கப் பலகையில் மாட்டிய தூசி வலை வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். எந்தப் பக்கம் ஊதும் என்று சந்தேகம் வந்தால் ஃபேன் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். காற்று அங்கேதான் வெளியே வரும்.

அந்த வலையைத் தைத்துக் கொடுத்த தையல்கடை அக்காவுக்கும், பழைய ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர்களைக் கொடுத்த மெக்கானிக்குக்கும் தனி நன்றி. ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையை உருவி வலையின் நான்கு ஓரத்திலும் வைத்துத் தைத்துவிட்டார் அக்கா. கேபினட்டில் சட்டென்று ஒட்டுகிறது, கழற்றி அலசிக் காயவைத்து மாட்டலாம். கொசுவலைத் துணி ஒரு மடிப்புதான், இரண்டானால் காற்று அடைபடும். கடல் ஈரத்தில் தூசி மாவுபோல் இறுகுவதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசியே ஆக வேண்டும். முனகிக்கொண்டிருந்த பழைய ஃபேன்களுக்கு அக்கா கொடுத்த தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஸ்டிக்கரை உரித்து அச்சில் விட்டதும் சத்தம் அடங்கியது. தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகி ஃபேன் இறுகிவிடும்.

வயரிங் முழுக்க பாலிடெக்னிக் மாணவிகளின் வேலை. மதர்போர்டின் ஃபேன் முனை பொதுவாக 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். 120 மி.மீ. ஃபேன் பெரும்பாலும் 0.3 ஆம்பியருக்குள் இழுக்கும், ஆனாலும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டே மாட்டினார்கள். முனை இல்லாத போர்டுகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு பின் கனெக்டர்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். சத்தம் குறைக்க மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே மாட்டி 7 வோல்ட் எடுக்கும் வழக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஃபேன் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் வழியில் பாய்ந்து ஹார்ட் டிஸ்க்கையே கொண்டுபோகும். ஜாயின்ட்டுகளுக்கு இன்சுலேஷன் டேப்பைத் தவிர்த்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டார்கள். நம் ஊர் வெக்கையில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும்.

ப்ளோயர் இரவல் தந்த பக்கத்துவீட்டு அம்மாவுக்கும் நன்றி. பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பக்கப் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. ப்ராசஸர் குளிரும், ஆனால் வலையில்லாமல் தூசி நேரே இறங்கும், பல்லியும் உள்ளே குடியேறும்.

இப்போது அதே 36 டிகிரி அறையில் ப்ராசஸர் ஃபேனுக்குப் போகும் காற்று 38. முழு வேலையில் 90-ஐத் தாண்டிய ஐ5 மெஷின்கள் 74-க்குள் நிற்கின்றன.

120 மி.மீ. துளைக்கான அச்சு அட்டையும் குழாயின் வெட்டு அளவுத் தாளும் படிப்பகத்தில் இருக்கின்றன. மாலையில் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். பக்கப் பலகையிலிருந்து ப்ராசஸர் ஃபேன் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கேபினட்டுக்குக் கேபினட் மாறுவது அந்த ஓர் அளவுதான்.

நன்றியுடன்,
படிப்பகத் தன்னார்வலர்கள்
ராயபுரம், சென்னை