நல்ல மருமகள் ஏன் வாயைத் திறப்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொலைக்காட்சித் தொடர்களில் பெண்களைக் காட்டும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசி வில்லிகளைப் பற்றித்தான். மாமியார் சதி செய்கிறாள், நாத்தனார் பாலில் எதையோ கலக்கிறாள், பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று காட்டுகிறார்கள். எல்லாம் வாஸ்தவம். பட்டுப்புடவையும் நகையுமாகத் தூங்குவதைப் பற்றி ஊரே சிரித்தாயிற்று, அதையும் விடுங்கள். 'சித்தி' வந்த காலத்திலிருந்து சீரியல் பார்க்கிற எனக்கு வில்லிகள் மேல் பெரிய புகார் கிடையாது. என் புகார் நல்லவளைப் பற்றியது.

வில்லிக்கு ஒரு திட்டம் இருக்கும். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். வக்கீலைப் பார்ப்பாள், கணக்கு கேட்பாள், நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்வாள். 'தெய்வமகள்' காயத்ரியை அண்ணியார், அண்ணியார் என்று ஜனங்கள் கொண்டாடியது அவள் செய்த அக்கிரமத்துக்காகவா? மூளையோடும் வாயோடும் ஒரு பெண் திரையில் நடமாடினாளே, அதற்காக.

நல்லவள் என்ன செய்கிறாள்? பேசாமல் இருக்கிறாள். பணத்தை எடுத்தது கொழுந்தன் என்று அவளுக்குத் தெரியும். ஹாலில் மொத்தக் குடும்பமும் நின்று, "ஏன் எடுத்தே, சொல்லு" என்று கேட்கும். ஒவ்வொரு முகமாக கேமரா போய் வரும். பின்னால் இடி இடிக்கும். அவள் கண்ணில் தண்ணீர் வரும், வார்த்தை வராது. ஏனென்று கேட்டால், சொன்னால் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்துவிடும், நாத்தனார் கல்யாணம் நின்றுவிடும். ஒரு வாக்கியம் சொன்னால் அன்றைக்கே தீர்ந்துபோகிற விஷயம் மூன்று மாதம் ஓடும்.

இதில் எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்தாறு நாள், தினமும் அரை மணி நேரம் ஓட வேண்டும். வாராவாரம் ரேட்டிங் வருகிறது. எண் ஏறினால் கதையை நீட்டு என்பார்கள், இறங்கினால் திருப்பம் கொண்டு வா என்பார்கள். 'கோலங்கள்' 1500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இத்தனை நீளத்துக்குக் கதையை இழுக்கச் செலவே இல்லாத வழி, நாயகியின் வாயைக் கட்டிப்போடுவதுதான். புது செட் வேண்டாம், புது நடிகர் வேண்டாம். ஆனால் வசதிக்காகச் செய்கிறோம் என்று ஒப்புக்கொள்ள முடியாதே. அதனால் அதற்குப் பொறுமை, தியாகம், குலவிளக்கு என்று பெயர் வைத்து, கோயில் மணி அடித்து, அந்த மௌனத்தையே குணமாக்கிவிடுகிறார்கள்.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். கை முறிந்து ஒரு பெண் வருவாள். கூடவே புருஷன் நிற்பான். என்ன ஆச்சும்மா என்றால், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்பாள். வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்? ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு, எழுத வேண்டிய டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்பார். அவள் புருஷன் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் தரையைப் பார்ப்பாள். டீ வாங்கி வரச் சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டால் சில பேர் சொல்வார்கள். பல பேர் அப்போதும் சொல்ல மாட்டார்கள். சீரியல் பார்த்துத்தான் இப்படி ஆனாள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாட்டி காலத்திலும் இதே கதைதான், அப்போது டிவியே கிடையாது. ஆனால் எதைப் பேச வைக்க டாக்டரும் நாங்களும் அந்த நடுராத்திரியில் மன்றாடினோமோ, அதை மறைப்பவள்தான் நல்ல பெண் என்று ராத்திரி எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறை விழுகிற காட்சிகளையும் சொல்ல வேண்டும். ஒரு அறையை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார்கள். பாத்திரம் சிகரெட் பிடித்தால் கீழே எச்சரிக்கை வர வேண்டும் என்பது சட்டம். மது குடித்தாலும் எழுத்து ஓடுகிறது. பெண்டாட்டியை அறைந்தால்? சில சமயம் ஒரு வரி ஓடும், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் போய்விடும். பல சமயம் அதுவும் இல்லை. 181 என்று ஒரு மகளிர் உதவி எண் இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம். அந்த மூன்று இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அறை விழும்போதெல்லாம் போட்டால் சேனலுக்கு என்ன நஷ்டம்? மூன்று தடவை அறையைக் காட்டினால் மூன்று தடவை நம்பரையும் காட்டட்டும்.

இன்னொன்று கட்டாயத் தாலி. தூங்குகிறவள் கழுத்தில், மயங்கிக் கிடப்பவள் கழுத்தில், பழிவாங்குவதற்காக, பந்தயத்துக்காகத் தாலி கட்டிவிடுவது. கட்டிய நிமிஷத்திலிருந்து அவன் புருஷன். வெறுத்து ஒதுங்குகிறவள் நூறாவது எபிசோடில் அவனுக்காக விரதம் இருப்பாள். பலவந்தத்தால் பெற்ற சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டம் 12-ஆவது பிரிவின்படி கல்யாணத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். 1955-இலிருந்து இருக்கிற சட்டம். சீரியலில் வராத வக்கீல் இல்லை, எல்லாரும் சொத்து வழக்கும் கொலை வழக்கும்தான் நடத்துகிறார்கள். இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1999-இல் 'சித்தி' வந்தபோது, தலைப்பைப் பார்த்துக் கொடுமைக்காரியை எதிர்பார்த்து உட்கார்ந்தோம். வந்தவள் வேறு ஆள். ராதிகா பேசினால் எதிரில் இருப்பவர் பதில் தேட வேண்டும். 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கவலையை எங்கள் வார்டில் அட்டெண்டர்கள்கூட விவாதித்தார்கள். அதிலும் அழுகைக்குக் குறைவில்லைதான். ஆனால் அந்த வீடும் வரதட்சணைப் பேச்சும் மாத பட்ஜெட்டும் நமக்குத் தெரிந்தவையாக இருந்தன. 'கோலங்கள்' அபி புருஷனை விட்டு விலகிக் கட்டுமானத் தொழிலில் இறங்கினாள். வில்லன் ஆதியோடு அவள் மோதியது தொழிலிலும்தான். ஆறு வருஷம் ஒரு பெண் தொழில் நடத்துவதை ஊர் உட்கார்ந்து பார்த்தது.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் சினிமா, கல்யாணமான நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அம்மா வேஷம் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தது. கதையின் நடுவில் அவளை நிறுத்தியது சின்னத்திரைதான். அதனால்தான் இத்தனை கோபம் வருகிறது.

சமீப வருஷங்களில் வந்த நாயகிகள் வேலைக்குப் போகாமல் இல்லை. 'கயல்' நர்ஸ். 'சிங்கப்பெண்ணே' ஆனந்தி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 'சிறகடிக்க ஆசை' மீனா பூ வியாபாரம் செய்கிறாள். 'பாக்கியலட்சுமி' சமையலைத் தொழிலாக்கினாள். நல்ல விஷயம்தான், சந்தோஷப்பட்டேன். ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், சீரியலில் வேலை என்பது பெண்ணுக்குப் பின்னால் தொங்குகிற திரை. சீரியல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்கிற வேலை ட்ரேயைத் தூக்கிக்கொண்டு காரிடாரில் நடப்பது, அங்கே ஒருவரைப் பார்த்து நின்று குடும்ப விஷயம் பேசுவது. டியூட்டி மாறும்போது படுக்கை படுக்கையாகப் போய், யாருக்கு என்ன மருந்து, யாருக்கு ட்ரிப் எப்போது தீரும் என்று ஒப்படைப்போமே, அது எங்கே? கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுத உட்கார்ந்தால் நாலு பேர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவார்களே, அது எங்கே? டாக்டர் மட்டும் தவறாமல் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து, "24 மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நாட்டிலுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். விடிகாலையில் கம்பெனி வேன் ஏறி, ஷிஃப்ட் முடிந்து வந்து, கால் வீங்கி உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தன்னைப் போன்ற ஒருத்தி மிஷினில் உட்கார்ந்து வேலை செய்வதை ஐந்து நிமிஷம் காட்டினால் சலித்துவிடுமா?

'எதிர்நீச்சல்' தொடரில் படித்த மருமகள்களை ஒரு வீட்டுச் சமையலறைக்குள் அடைத்து, அவர்கள் மெல்ல மெல்ல வாய் திறப்பதைத்தான் கதையாக்கினார்கள். நாலு பெண்கள் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிற காட்சிகளுக்காகவே நான் பார்த்தேன். மறைந்த மாரிமுத்து அபாரமான நடிகர், ஆதி குணசேகரனை அப்படி நடித்தார். ஆனால் நடந்தது என்ன? "இந்தாம்மா ஏய்" என்று அதட்டுகிற ஆளின் வசனம்தான் மீம் ஆகி ஊரெல்லாம் சுற்றியது. மருமகள்கள் பேசியதில் ஒரு வரியாவது அப்படிச் சுற்றியதா? இதில் பார்க்கிற நமக்கும் பங்கு இருக்கிறது, சேனலை மட்டும் சொல்லி என்ன.

சினிமாவுக்கு சென்சார் இருக்கிறது, சீரியலுக்கு அப்படி முன்கூட்டியே சான்றிதழ் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கத்திரிக்கோல் வந்தால் முதலில் வெட்டுப்படுவது எதிர்த்துப் பேசுகிற பெண்ணின் வசனமாகத்தான் இருக்கும். கேபிள் டிவி சட்டம் 1995-இலிருந்து இருக்கிறது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது என்று விதியும் இருக்கிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கு, அங்கே சரியாகவில்லை என்றால் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு, அதற்கும் மேல் மத்திய அரசுக்கு என்று மூன்று படியில் புகார் செய்யலாம். அறைக் காட்சிக்கும் கட்டாயத் தாலிக்கும் வேண்டுமானால் புகார் எழுதலாம். நாயகி வாயைத் திறக்க மறுக்கிறாள் என்று எந்தப் படியில் போய்ப் புகார் கொடுப்பது?

அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து அடுத்த வெள்ளிக்குள் தியேட்டரை விட்டுப் போகிற படத்துக்கு ஒரு பக்கம் விமர்சனம் எழுதுகிறீர்கள். திரைக்கதை, வசனம், ஒளிப்பதிவு என்று பிரித்து மேய்கிறீர்கள். லட்சக்கணக்கான வீடுகளில் வருஷக்கணக்காக ஓடுகிற சீரியலுக்கு உங்கள் பத்திரிகையில் என்ன இடம்? நாயகியின் பேட்டி, அவருக்குப் பிடித்த நிறம், புதுப் புடவையில் நாலு போட்டோ. மாதம் ஒரு தொடரை எடுத்துக்கொண்டு ஒழுங்காக விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். வசனம் எழுதியவர் பெயரைப் போடுங்கள். நன்றாக எழுதியிருந்தால் பாராட்டுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பெண் ஏன் மூன்று மாதமாக ஒரு வரி சொல்லவில்லை என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால், சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை நான் டிவி முன்னால்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.